கடைசி ஆளை யார் எண்ணுவது

கண்ணு, நீ போனில் அனுப்பிய பனியன் படத்தைப் பார்த்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாததால் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். நெஞ்சுக்கு நடுவில் உன் நைனாவின் முகம். கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவில் இருந்து வெட்டியிருக்கிறாய், தோளுக்குப் பக்கத்தில் என் மாலை கொஞ்சம் தெரிகிறது. கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவளையே படிக்கச் சொன்னேன். பிடித்ததைச் செய்துகொண்டே ஒரு நொடியில் போய்விட்டவர் என்று அர்த்தமாம். ஒரு நொடியா என்று கேட்டேன். ஆமாம் ஆன்ட்டி, அப்படித்தான் போட்டிருக்கு என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

மார்கழி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை நைனா பேரில் ரைடு வைத்திருக்கிறேன், அறுபது பேர் வருகிறார்கள், நீதான் கொடி அசைக்க வேண்டும், போன தடவை மாதிரி நம் கொல்லையிலேயே சாப்பாடு போட்டுவிடு என்று பேசி அனுப்பியிருந்தாய். அதை ஐந்தாறு தடவை போட்டுக் கேட்டேன். ஒரு வாரமாகப் பதில் சொல்லவில்லை. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் போனில் பேசினால் நான் அழுவேன், நீ விடும்மா என்பாய், நான் விட்டுவிடுவேன். ஒரு வருஷமாக அப்படித்தான் போகிறது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் கை இது, தப்பு இருந்தால் திருத்திக்கொள். ஆனால் எதையும் எடுத்துவிடாதே. படித்து முடித்ததும் உன் சைக்கிள் குரூப்பில் போடு. அவர் கையால் கடலை உருண்டை வாங்கித் தின்றவர்கள்தான் எல்லாரும், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நீ பெங்களூரில் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் இந்தச் சைக்கிள் பழக்கம் வந்தது. முதலில் ஐந்து பேர், பிறகு இருபது, பிறகு நாற்பது. ஒடுகத்தூரில் பிறந்தவன் என்பதால் ஜவ்வாது மலை உன் மலை என்று ஆனது. கணியம்பாடியில் விடிந்ததும் கிளம்பி, அமிர்தி வழியாக ஏறி, ஜமுனாமரத்தூரில் டிபன் சாப்பிட்டு, அந்தப் பக்கம் ஆலங்காயம் இறங்கி, மதியத்துக்கு நம் கொல்லைக்கு வந்து சேர்வது. இதைச் சரியாக நடத்துகிறவன் நீ ஒருத்தன்தான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே, எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எந்த ஊரில் நாய் துரத்தும், எல்லாம் எழுதி வைத்திருப்பாய். ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று உங்கள் பனியனில் முதுகுப் பக்கம் போட்டிருக்கும். நிற்கிற இடத்திலெல்லாம் லிஸ்டை எடுத்துப் பேர் பேராகக் கூப்பிட்டு டிக் அடிப்பாய். அதை நான் ஒரு தடவை நேரில் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எனக்குத்தான் வேறு கணக்கு இருந்தது. மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவாய், வந்தாலும் அந்தக் கூட்டத்தோடு வருவாய், சாப்பிட்டு அந்தக் கூட்டத்தோடு போய்விடுவாய். வீட்டுக்குள் வந்து ஒரு ராத்திரி படுப்பது குறைந்துபோனது. உன் நைனா அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. பால் சொசைட்டியில் இருந்து வந்து, இந்த வாரம் வர்றானாமா என்று கேட்பார். வர்றான், ரைடு இருக்குது என்பேன். ஓ என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். அந்த ஓ என்னால் கேட்க முடியவில்லை. நான்தான் அவரிடம் சொன்னேன், நீயும் போய்யா, முப்பது வருஷமாப் பாலு கேனைக் கட்டிக்கினு மிதிக்கிறவன் நீ, அவங்கள விட உனக்கு இன்னா கொறச்சல் என்று. இது என் முதல் தப்பு. எழுதி வைத்துக்கொள்.

நீ சந்தோஷப்பட்டாய், அதை மறுக்கவில்லை. உன் பழைய கியர் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாய். நைனா நீ பின்னாடி வா, கடைசி ஆளா வா, உன்னத் தாண்டி ஒருத்தரும் பின்னாடி இருக்கக் கூடாது என்றாய். அவர் அந்த வேலையை அப்படியே பிடித்துக்கொண்டார். பஞ்சர் ஒட்டுகிற சாமான், ஒரு ஊதல், மடியில் கடலை உருண்டை. மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிற ஆட்களை வாயில் உருண்டையைப் போட்டுப் பேச்சுக் கொடுத்து மேலே கூட்டிவருவார். எங்க எருமைகூட இந்த வளைவு ஏறும் சார், எந்திரிங்க என்பாராம். மெட்ராஸ் ஆட்கள் இங்கே வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று நீ யோசித்தாயா? மகனோடு போகத்தானே அவர் வந்தார். நீ எப்போதும் முன்னால் போவாய், நடத்துகிறவன் முன்னால்தான் போகவேண்டும். அவர் எப்போதும் பின்னால். ஒரே ரோட்டில் நாள் முழுக்கப் போய்வந்தீர்கள், பக்கத்தில் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் மிதித்தது கிடையாது. நான் கேட்டேன், புள்ளயோட போறேன்னு போற, அவனப் பாக்குறியா என்று. அமிர்தி தாண்டி ஏறும்போது மேல் வளைவில் உன் சிவப்புச் சட்டை தெரியுமாம். அவர் கீழ் வளைவில் இருப்பாராம். அண்ணாந்து பார்த்தால் தெரியும், அப்புறம் மரம் மறைத்துவிடும், அடுத்த வளைவில் மறுபடி தெரியும். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு பக்கமாகத்தான் அறிவாய். நானும் ஒரு பக்கமாகத்தான் அறிவேன். இரண்டையும் சேர்த்து வைத்து நாம் பேசியதே இல்லை. விடியக் கருக்கலில் பால் ஊற்றிவிட்டு வந்து, பால் சைக்கிளைப் பம்ப்செட் சுவரில் சாய்த்து, பச்சைத் துண்டைப் பிழிந்து ஹாண்டில்பாரில் போட்டுவிட்டு, கியர் சைக்கிளை உங்கள் ரைடு வேனில் ஏற்றிக்கொண்டு கணியம்பாடிக்குப் போனார். அவர் போவதைப் பார்த்தது அதுதான் கடைசி. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ஜமுனாமரத்தூரில் இட்லி தின்றார், நீயே அவர் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறாய். இறங்கும்போது ஒரு பெங்களூர்ப் பையனுக்கு வாந்தி. அவனையும் அவன் சைக்கிளையும் வேனில் ஏற்றி, நீ போய்ட்டே இரு, நான் மெதுவா வர்றேன் என்று டிரைவரை அனுப்பிவிட்டார். கடைசி ஆளுக்குப் பின்னால் வரவேண்டிய வேன் அவருக்கு முன்னால் போனது. ஆலங்காயத்தில் நீ லிஸ்டை எடுத்தாய். நாற்பத்து மூன்று பேர், வேனில் படுத்திருந்தவனோடு சேர்த்து நாற்பத்து மூன்று டிக். எல்லாம் சரியாக இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் லிஸ்டில் உன் நைனா பேர் என்றைக்குமே இருந்ததில்லை. வருகிறவர்கள் பேரைத்தான் எழுதுவாய். வேலை செய்கிறவர்கள் பேரை எழுத மாட்டாய். அவர் நம்மாள், அவருக்கு எதற்கு டிக்.

நைனா எங்கே என்று டிரைவரைக் கேட்டிருக்கிறாய், பின்னாடியே வந்துட்டிருக்காரு என்றிருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும். கொல்லைக்கு வந்ததும் நேரே என்னிடம் வந்தாய். இதுவரை உன் பேரில் சொன்னேன். இனிமேல் சொல்லப்போவது என் பேரில்.

நான் சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தேன். அன்றைக்கு எனக்குக் காலையில் இருந்தே எரிச்சல். பெங்களூர் ஆட்களுக்கு முதலில் போடு, காரம் குறைத்துப் போடு என்று நீ ஆளனுப்பிச் சொல்லியிருந்தாய். என் சோற்றைத் தின்கிறவனுக்கு வரிசை வேறயா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ கேட்டாய்.

“எம்மா, நைனா வந்துட்டாரா?”

நான் தலையைத் திருப்பினேன். முழுதாகக்கூடத் திருப்பவில்லை. பம்ப்செட் சுவரில் பால் சைக்கிள் நின்றிருந்தது, ஹாண்டில்பாரில் பச்சைத் துண்டு. முப்பது வருஷமாக எனக்கு அது ஒன்றுதான் அடையாளம். அந்தச் சைக்கிளும் அந்தத் துண்டும் அங்கே இருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். நான் ஒரு நாளும் ஆளைத் தேடிப் பார்த்ததில்லை, சைக்கிளைத்தான் பார்ப்பேன். நீ கொடுத்த கியர் சைக்கிளில் அவர் போனது என் புத்தியில் இருந்தது, என் கண்ணில் இல்லை.

“வந்துட்டாரு. பம்ப்செட்டாண்ட கை கால் கழுவிக்கினு இருப்பாரு. நீ போய் உங்காளுங்களக் குந்த வை, சோறு ஆறுது.”

நீ போய்விட்டாய். பம்ப்செட் நாற்பது அடி தூரம். நீயும் நடக்கவில்லை, நானும் நடக்கவில்லை. எல்லாரும் தின்றார்கள். கையில் தட்டோடு போட்டோ எடுத்தீர்கள், என்னையும் கரண்டியோடு இழுத்து நடுவில் நிறுத்தினாய். அந்தப் போட்டோவில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். பாத்திரம் கழுவும்போதுதான், மலையில் இருந்து இறங்கிய சொசைட்டிப் பால் வேன் டிரைவர் போன் செய்தான், ரோட்டோரத்தில் கிடந்த அண்ணனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று. வழியிலேயே போய்விட்டார் என்று அடுத்த போனில் சொன்னான்.

பதினாறாம் நாள் உன் அத்தை எல்லார் முன்னாலும் சொன்னாள், சைக்கிளு சைக்கிளுன்னு அலைஞ்சி அப்பன வாயில போட்டுக்கினான் என்று. பந்தலில் இருந்த அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்து, எம்மாவக் கேட்டேன், வந்துட்டாருன்னு சொல்லிச்சு என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும். நீ சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். நானும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக இந்த ஊர் உன்னைத்தான் பேசுகிறது, நான் தாலியறுத்தவள் என்று எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கிறது. நான் அதைத் தின்றுகொண்டிருக்கிறேன். இதை உன் குரூப்பில் போடு என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். நான் சொன்ன பொய்யை நீ சுமக்க வேண்டாம். பொய் என்று தெரியாமல் சொன்னது என்பதெல்லாம் அவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஒன்பது மாதமாக மறைத்து வைத்திருந்தேன். மாசியில் புளி விற்க மலையில் இருந்து வந்த ஒரு பெண், காளியம்மா என்று பேர், ஒடுகத்தூர் கடைத்தெருவில் பால்காரர் வூடு எது என்று கேட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வந்துவிட்டாள். இறக்கத்தில் மூன்றாவது வளைவுக்கு மேலே அவளுக்குச் சாமைக் காடு இருக்கிறது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஊதலை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்றைக்குப் பால் வேனில் ஏற்றும்போது கீழே விழுந்ததாம். உக்காரும்மா என்றேன். உட்காராமல் நின்றபடியே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

“ரோட்டோரமா குந்திக்கினு இருந்தாரும்மா. இன்னாய்யா ஆச்சுன்னு கேட்டேன், மார அடைக்குதுன்னாரு. தண்ணி குடுத்தேன். ஓடிப்போய் ஆளக் கூட்டியாறேன்னேன். வோணாம்மா, எம் புள்ள கீழ போனதும் ஆள எண்ணுவான், நான் இல்லன்னா திரும்பி வந்துருவான், அவன் ஒருத்தரையும் வுட்டுட்டுப் போவ மாட்டான்னாரு. ரெண்டு மூணு தபா அதையேதான் சொன்னாரு. அப்பால பேச்சு கொறஞ்சி போச்சு. கீழப் போற ரோட்டையேதான் பாத்துக்கினு இருந்தாரு.”

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வெயில் இந்த மரத்தில் இருந்து அந்த மரத்துக்கு வந்துவிட்டது என்று கையால் காட்டினாள். அங்கே போனில் சிக்னல் கிடையாது, உனக்கே தெரியும், உன் லிஸ்டில் அதையும் எழுதி வைத்திருப்பாய். இரண்டு மோட்டார் சைக்கிளுக்குக் கை காட்டியிருக்கிறாள், நிற்கவில்லை. ஆள் கூப்பிட ஓடவும் மனசில்லை, தனியாக விட்டுப் போக முடியவில்லை என்றாள். தன் முந்தானையை நனைத்து அவர் நெற்றியில் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருத்தி. நாம் நாற்பது அடி நடக்கவில்லை.

ஆக ஒரு நொடி இல்லை கண்ணு. அந்த எழுத்தைப் பனியனில் இருந்து எடு. அவருக்குப் பிடித்ததைச் செய்துகொண்டும் போகவில்லை, அவருக்குப் பிடித்தது சைக்கிள் இல்லை. பால் ஊற்ற மிதித்த கால் அது, ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்கத்தான் அவருக்குப் பிடிக்கும். உன்னைப் பார்க்க வந்தார். உன்னை நம்பி உட்கார்ந்திருந்தார். அவர் உன்னைத் திட்டியிருந்தால் இந்த ஊதலை நான் எப்போதோ உனக்குக் கொடுத்திருப்பேன். திட்டவே இல்லை என்பதால்தான் எங்கே உனக்குத் தாங்காதோ என்று பெட்டிக்குள் வைத்தேன். இப்போது உனக்குத் தாங்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. எனக்கு மட்டும் தாங்குகிறதா?

ரைடை நிறுத்து என்று சொல்ல மாட்டேன். நிறுத்தினால் அவர் அங்கே உட்கார்ந்திருந்தது இல்லை என்று ஆகிவிடாது. நடத்து. ஆனால் லிஸ்டில் முதல் பேர் கடைசியில் வருகிறவன் பேராக இருக்கட்டும். அடுத்தது வேன் டிரைவர், அடுத்தது தண்ணீர் கொடுக்கிறவன், சமைக்கிறவள். காசு கட்டி வருகிறவர்கள் அதற்குப் பிறகு. கடைசி ஆளை விட்டுவிட்டு வேன் ஒரு அடி நகரக் கூடாது, யாருக்கு வாந்தி வந்தாலும் சரி. அந்த வேலையைத் தனி ஆளுக்குக் கொடுக்காதே, இரண்டு பேராக வரட்டும். சொந்தக்காரன், நம்மாள், மலை பழகியவன் என்று யாரையும் எண்ணாமல் விடாதே. கையில் கரண்டி பிடித்திருக்கிறவளிடம் ஆள் வந்தாச்சா என்று கேட்காதே.

கொடி அசைக்க எனக்கு இஷ்டமில்லை. சமைக்கவும் மாட்டேன், ஆலங்காயத்தில் ஆள் இருக்கிறார்கள், சொல்லிக்கொள். அந்த அண்டாவுக்கு முன்னால் என்னால் இனி நிற்க முடியாது. ஆனால் வருவேன். என் பேரையும் லிஸ்டில் எழுது. வேனில் ஏறி உட்கார்ந்து உங்கள் எல்லாருக்கும் பின்னால் வருகிறேன். நீ எப்போதும்போல முன்னால் போ.

மூன்றாவது வளைவில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வேன். காளியம்மா அங்கே இருப்பாள், சொல்லியனுப்பியிருக்கிறேன். ஊதல் என்னிடம் இருக்கும். அந்த இடத்தில் அறுபது பேரும் நின்று பூப் போட வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், ஒருத்தரும் நிற்காமல் போய்விடுங்கள். நீயும் நிற்காதே. கீழே போய் லிஸ்டை எடு, பேர் பேராகக் கூப்பிடு. அம்மா வந்துட்டாங்க, வேனில் இருக்காங்க என்று யாராவது சொல்வார்கள். டிரைவர் சொல்வான். நம்பாதே. யார் சொன்னாலும் நம்பாதே, நான் போனில் பேசினாலும் நம்பாதே. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நீயே மேலே ஏறி வந்து பார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கீழே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா